லொறிக்குள் இத்தா

முற்றத்தில் லொறி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டதும் ஜெஸீமா பாய்ந்தெழுந்து குசினிக்குப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டாள். புருஷன் பாயிஸ் புறப்படப் போகிறார், போகுமுன் ஒரு பிளேன்டீ கேட்பார், அவ்வளவுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்தது. அடுப்புப் பற்றின பிறகுதான் தன் மேலிருந்த வெள்ளைச் சேலை கண்ணில் பட்டது. பாயிஸ் மௌத்தாகி மண்ணுக்குப் போய் மூன்று கிழமை ஆகியிருந்தது.

"யா அல்லாஹ்" என்று அடுப்பை அணைத்தாள். அப்படியென்றால் லொறியில் கை வைத்தவன் எவன்?

ஜன்னல் சீலையை ஒரு விரல் விலக்கிப் பார்த்தாள். பாயிஸின் தம்பி மஹ்ரூப் நின்றான். பக்கத்தில் தொப்பை வைத்த ஒரு மனிதர் டயரைக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடு வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. வெளியே பாய்ந்து "காலை எடுங்க" என்று கத்த முடியாது. இத்தாவில் இருக்கிற பெண். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் அவள் வீட்டை விட்டு வெளியேறக் கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. அதுதான் இத்தா.

சாதாரண நாளிலேயே அவள் ஓரிடத்தில் இருக்கிறவள் இல்லை. காலில் சக்கரம் கட்டினவள் என்று மடவளையில் பெயர் எடுத்தவள். உட்கார்ந்து வெங்காயம் உரித்தால்கூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவளை அறைக்குள் வைத்துச் சீலை கட்டிவிட்டால் எப்படி இருக்கும்? இருப்புக் கொள்ளவில்லை. அலுமாரியை அடுக்கினாள், கலைத்தாள், திரும்ப அடுக்கினாள். அழுகை வந்தால் அழுதாள். அழுது முடிந்ததும் மறுபடி அலுமாரி.

அந்த லொறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டா என்கிறோமே, அந்தச் சின்ன லொறி. தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றி ஏற்றி ஓய்ந்துபோனதை அடிமாட்டு விலைக்கு பாயிஸ் வாங்கினார். அதற்கே ஜெஸீமாவின் காப்பு இரண்டும் போயிற்று. பிறகு எல்லாம் ஒட்டும் வெட்டும்தான். இடித்த வீடொன்றிலிருந்து கை கழுவும் தொட்டி வந்தது. மூடிப்போன சலூன் கடையின் பலகைக் கதவு சமையல் மேசையாயிற்று. பச்சைப் பெயின்ட் பாதியில் முடிந்துவிட்டதால் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் பழைய நீலம். "ரோட்டுப் பக்கம் மட்டுந்தானே ஆக்கள் பாக்கிற" என்று பாயிஸ் சிரித்தார். பல்லேகல பக்டரி வாசலில் வேலை விட்டு வருகிற பிள்ளைகளுக்கு ரொட்டி, கொத்து, சோற்றுப் பார்சல் விற்பதுதான் திட்டம். பிரதேச சபையின் அனுமதிகூட எடுத்தாயிற்று. வருகிற திங்கள் தொடங்குவோம் என்றிருந்த கிழமையில்தான் மனிதர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார்.

தொப்பைக்காரர் போன பிறகு மஹ்ரூப் உள்ளே வந்து, சீலைக்கு அந்தப் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மதினி, லொறிக்கு ஆள் வந்து பாத்தீக்கிறாரு. தெல்தோட்ட முதலாளி. வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழுதுட்டு வந்து எடுத்திட்டுப் போவாரு."

"யாரக் கேட்டு வித்தீங்க?"

"அந்தக் காசு முழுசா ஒங்களுக்குத்தான். நான் ஒரு சல்லி தொடமாட்டேன். ஒங்களையும் புள்ளையையும் என்ட மூச்சு ஈக்கிற வர நான் பாத்துக்குவேன்."

"எனக்குக் காசு வாணாம், தம்பி. லொறிதான் வேணும்."

"வெச்சிட்டு என்ன செய்ற? பொம்புள ஒராள் ரோட்டுல நின்டு கொத்து அடிக்கிறதா? ஊர் என்ன பேசும்? இத்தாவுல ஈக்கிறீங்க, மனசு ஒரு நெலையில ஈக்காது. இப்ப ஒரு முடிவும் எடுக்க வாணாம்."

"முடிவெடுக்க வாணாம்னா, விக்கிறது முடிவில்லையா?"

கதிரை நகர்ந்த சத்தம்தான் கேட்டது.

மஹ்ரூப் கெட்டவன் என்றால் நாலு வார்த்தை ஏசிவிட்டு மனம் ஆறலாம். நல்லவனாகப் போய்விட்டானே, அதுதான் தொல்லை. சொன்னபடி பார்த்துக்கொள்வான். ஆனால் மகள் சகீனாவின் காலுக்குச் சப்பாத்து வேண்டுமென்றால் அவனிடம் கேட்க வேண்டும். கூரை ஒழுகினால் கேட்க வேண்டும். அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவன் மனைவி முகத்தைப் பார்த்துப் பார்த்து இன்னொரு கரண்டி சோறு போட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கல்யாண வயது வரும்வரை அப்படியே.

அன்று பின்னேரம் புஷ்பம் வந்தாள். வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பல்லேகல பக்டரியில் தைக்கிறாள். ஒழுங்கைச் சந்தின் கோடி வீட்டில் அறை எடுத்திருந்தாள். பாயிஸ் லொறி செய்துகொண்டிருந்த காலமெல்லாம் 'எப்ப அண்ணே தொறப்பீங்க, எங்க கேன்டீன் சோத்த நாய்கூடத் திங்காது' என்று கேட்டுக்கொண்டே போனவள்.

"அக்கா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. நேத்து எங்க பக்டரி கேட்டுக்கிட்ட ஒரு வேன் வந்து நின்னுச்சு. ரோல்ஸ் விக்கிறாங்க. ருசி ஒண்ணுமில்ல, இருந்தாலும் பசிக்கு வாங்குறாங்கக்கா. இப்புடியே போனா அந்த எடம் போயிரும்க்கா."

புஷ்பம் போன பிறகு ஜெஸீமா குசினிக்கும் அறைக்கும் நடந்தாள். லொறியை வெள்ளிக்கிழமை கொண்டுபோகிறார்கள். வாசலை எவனோ பிடிக்கிறான். இவள் சீலைக்குப் பின்னால் காலாட்டிக்கொண்டிருக்கிறாள். சீ, என்ன பிழைப்பு!

குசினியிலிருந்து முற்றத்துக்குத் திறக்கிற கதவைத் திறந்தாள். கம்பி இழுத்து லொறிக்கு மின்விளக்குப் போடுவதற்காக பாயிஸ் அதன் பின்புறத்தைக் குசினிக் கதவோடு ஒட்டினாற்போல நிறுத்தியிருந்தார். சுற்றிலும் ஆளுயர மதில். ஓர் எட்டு வைத்தால் உள்ளே. தரையில் கால்கூடப் பட வேண்டாம். வைத்தாள்.

அவர் போன பிறகு அவள் அதற்குள் ஏறுவது அதுதான் முதல் தடவை. முன்பு ஏற்றிய லீக்ஸ் மரக்கறியின் வாசம் இன்னும் போகவில்லை. ரொட்டி சுடுகிற தட்டின் முன்னால் போய் நின்று மேசையில் கையை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. மேசை அவளுடைய இடுப்புக்குச் சரியாக இருந்தது. பாயிஸ் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். அந்த மேசையில் அவர் ரொட்டி போட்டால் ஒரே கிழமையில் முதுகு முறிந்துவிடும். மேலே அடித்திருந்த பலகைத் தட்டுகளைப் பார்த்தாள். கையை நீட்டினால் மசாலாப் போத்தல் வருகிறது, எக்க வேண்டியதில்லை.

'நான்தான் சமைப்பேன், நீ வீட்ல இரி' என்று நாள் முழுக்கச் சொன்ன மனிதர்! 'நீங்க போட்ட ரொட்டிய யாரு திங்கிற' என்று இவள் சண்டை பிடிக்கப் பிடிக்கச் சிரித்துக்கொண்டே பலகையை அறுத்த மனிதர்! பொய்யன். அறுத்ததெல்லாம் இவள் அளவுக்கு. ஜெஸீமா அந்தப் பலகையில் முகத்தை வைத்துக்கொண்டு, செத்த வீட்டில்கூட அழாத அழுகையை அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மா எடுத்துவர உள்ளே போனாள்.

விடிவதற்குள் பாய், தொழுகை விரிப்பு, சகீனாவின் தலையணை, குர்ஆன் எல்லாம் லொறிக்குள் போயின. அறையில் கட்டியிருந்த வெள்ளைச் சீலையைக் கழற்றி லொறியின் ஜன்னலில் கட்டினாள். சனிக்கிழமையிலிருந்து பக்டரிக்குப் பார்சல் கொண்டுபோய் விற்றுத் தர புஷ்பமும் ஒத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தெல்தோட்டை முதலாளி ஒரு டிரைவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மஹ்ரூப் சாவியோடு முன்னால் வந்தான். டிரைவர் உள்ளே எட்டிப் பார்க்கச் சீலையில் கை வைத்ததுதான் தாமதம்.

"யாரது? இத்தாவுல ஈக்கிற எடம். சீலையத் தொடாதீங்க!"

டிரைவர் நெருப்பைத் தொட்டவன் மாதிரிக் கையை இழுத்தான். முதலாளி இரண்டடி பின்னால் போனார்.

"அஸ்தஃபிருல்லாஹ்! மஹ்ரூப், என்னப்பா இது? இத்தாவுல ஈக்கிற பொம்புளையோட சேத்தா எனக்கு லொறி விக்கிற?"

"மதினி, எறங்குங்க" என்றான் மஹ்ரூப். அவனுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது.

"எங்க எறங்குற? வெளியவா? இத்தாவுல ஈக்கிறீங்கன்டு நீங்கதானே சொன்ன."

முதலாளி காரில் ஏறிப் போயேவிட்டார். மஹ்ரூப் நேரே பள்ளிவாசலுக்கு நடந்து ஸெய்னுலாப்தீன் மவ்லவியைக் கையோடு கூட்டிவந்தான். மவ்லவி முற்றத்தைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், குசினிக் கதவைப் பார்த்தார். உள்ளே மிளகாய் வறுபட்டுக்கொண்டிருந்ததால் இரண்டு தரம் தும்மினார்.

"லொறி மதிலுக்கு உள்ளதானே நிக்கிது?"

"உள்ளதான் ஹஸ்ரத், ஆனா…"

"இத்தாவுல ஈக்கிறவங்கள அவங்கட வாசல விட்டு வெளியாக்க ஏலா. லொறி அசைஞ்சா அவங்களும் சேந்து அசைவாங்க. நிக்கட்டும், மகன்."

"உள்ள இருந்து ஏவாரம் வேற செய்யப் போறாங்களாம் ஹஸ்ரத்!"

"வீட்டுல சமைக்கிறாங்க. வேற பொம்புளைங்க வந்து எடுத்திட்டுப் போறாங்க. இதுல நான் என்னத்தச் சொல்ல?" என்று தும்மிக்கொண்டே அவர் போய்விட்டார்.

முற்றத்தில் மஹ்ரூப் தனியே நின்றான். ஜெஸீமா சீலைக்குப் பின்னால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஏசுவான் என்று நினைத்தாள். ஏசட்டும், திருப்பிக் கொடுக்க இவளிடமும் நிறைய இருந்தது.

"என்னால அந்த லொறியப் பாக்க ஏலா மதினி" என்றான் அவன். "ஊர் பேசும்டு சொன்னதெல்லாம் சும்மா. நட்டு இறுக்கிட்டு அதுக்குக் கீழ கெடந்த பாயிஸ் நானாவ, காலப் புடிச்சு இழுத்தெடுத்தது நான். கூப்புடக் கூப்புடப் பேசல்ல. நான் ஒவ்வொரு நாளும் இந்த வீட்டு முத்தத்துக்கு வார நேரம் அந்தக் காலு அங்கேயே நீட்டிட்டு ஈக்கிது. அதத்தான் இங்க இருந்து ஒழிச்சுக்கட்டப் பாத்தேன்."

ஜெஸீமா கரண்டியைக் கீழே வைத்தாள். மூன்று கிழமையாக இவன் சீலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அரிசி, பருப்பு, கரண்ட் பில் என்று பேசினான். இவன் அழுததை ஒருவரும் பார்க்கவில்லை.

"எனக்கு இது அவர் செஞ்சு தந்த குசினி, தம்பி" என்றாள் கடைசியில். "நீங்க வித்தா நான் எங்க போய் நிக்கிற? இத்தா முடிஞ்சா ஓட்ட ஆள் வேணும். எனக்கு ஸ்டியரிங் புடிக்கத் தெரியா."

"என்னால ஏலா" என்றான் மஹ்ரூப். சாவியை ஜன்னல் பலகையில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் காலையில் புஷ்பம் ஒரு துணிப்பை நிறையப் பார்சல் கொண்டுபோனாள். பின்னேரம் வெறும் பையோடு வந்து, "அக்கா, பக்டரியில எங்க தையல் லைன்ல இருக்கிற அம்புட்டுப் பேரும் கேக்குறாங்க. நாளைக்கு ரெண்டு பையி போடுங்க, கூட்டாளி ஒருத்தியைக் கூட்டியாறேன்" என்றாள். ரோல்ஸ் வேன் எப்போது போனது என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஜெஸீமா விடியுமுன் எழுந்தாள், ரொட்டி போட்டாள், தொழுதாள், சகீனாவைப் பள்ளிக்கு அனுப்பினாள். லொறி அங்குலம் அசையாமல் வியாபாரம் நடந்தது. கால் ஆடுவது மட்டும் நிற்கவில்லை. பிறர் கையில் எத்தனை நாளைக்குப் பை கொடுத்தனுப்புவது? கொத்து சூடாக அடித்துக் கொடுக்க வேண்டிய சாமான். பார்சலில் போனால் களி. வாசலில் போய் நின்றால்தான் பிழைப்பு. அதற்கு ஓட்ட ஒருவன் வேண்டும். கூலிக்கு டிரைவர் வைத்தால் ரொட்டி விற்ற காசு அவனுக்கே சரி. மஹ்ரூப் சாமான் கொண்டுவந்து கேட்டில் வைத்துவிட்டு முற்றத்தைப் பார்க்காமலே போனான்.

இத்தா முடிந்தது. பெண்கள் வந்து துஆ ஓதிவிட்டுப் போனார்கள். மறுநாள் விடியும்போது மா பிசைந்தாயிற்று, காய்கறி வெட்டியாயிற்று, கேஸ் சிலிண்டர் கட்டியாயிற்று, புதுப் பர்தாவும் போட்டாயிற்று. ஓட்டுகிறவன் இல்லை. ஜெஸீமா டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். காலுக்குக் கீழே இருக்கிற மூன்று பெடலில் எது எதற்கென்றுகூடத் தெரியாது. பைத்தியக்காரி, இதற்கா இவ்வளவு ஆட்டம் போட்டாய் என்று தன்னையே ஏசினாள்.

கேட் திறந்தது. மஹ்ரூப் வந்தான். முற்றத்தின் நடுவே ஒரு தரம் நின்றான். பிறகு நிலத்தைப் பார்க்காமல் நேரே வந்து கதவைத் திறந்தான்.

"பின்னுக்குப் போங்க மதினி. சட்டி சாயாமப் புடிங்க."

அவன் கண் சிவந்திருந்தது. இரவு தூங்கியிருக்க மாட்டான். அவள் இறங்கிப் பின்னால் ஏறிக்கொண்டாள். லொறி உறுமியது, நடுங்கியது, முற்றத்தை விட்டு நகர்ந்தது. அது நின்ற இடத்தில் சிமெந்துத் தரை மட்டும் காய்ந்து கிடந்தது. மஹ்ரூப் கண்ணாடியில் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு மூச்சை விட்டான்.

கேட்டில் பிரேக் போட்டான். ஒழுங்கையில் இரண்டு பக்கமும் ஆட்கள். மதிலுக்கு மேலால் தலைகள். வெள்ளைச் சீலை அவிழ்ந்த ஜன்னலில் ஜெஸீமா முழு முகத்தோடு நின்றாள். இத்தனை மாதம் வெளியே போகத் துடித்தவள் இப்போது ஓர் அடி பின்வாங்கினாள்.

"மதினி, ஊரே பாக்குது. திருப்பவா?"

ஜெஸீமா ரொட்டித் தட்டுக்குக் கீழே கேஸைத் திறந்து பற்றவைத்தாள்.

"பாக்கட்டும் தம்பி" என்றாள். "பாத்தாத்தானே பசிக்கும்."

மஹ்ரூப் கியரைப் போட்டான்.