மோஸிக்காரனைப் புகழ்ந்த குற்றம்

எங்கள் புர்கினாவுக்குக் கடல் கிடையாது. அது பெரிய குறை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கோ அதுதான் பிழைப்பு. பக்கத்து நாடான டோகோவில், லோமே துறைமுகத்தில் இறங்குகிற எதுவும் தானாக நடந்து எங்கள் ஊருக்கு வந்துவிடாது. லாரி வேண்டும். அந்த லாரியும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறித்தான் வர வேண்டும். புகை கக்குகிறது, வயதாகிவிட்டது என்று அங்கே கழித்துக் கட்டுவார்கள். நாங்கள் அதை அனுபவம் என்போம்.

தலைநகர் வாகடூகூவின் புறநகரில் இருக்கும் என் இறக்குமதி நிறுவனத்துக்குப் பெயர் பெரியது. மற்றபடி ஒரு வேப்பமர நிழல், கால் ஒடிந்து கம்பி கட்டிய பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு கைபேசி. அதில் ஒன்றில் எப்போதும் சார்ஜ் இருக்காது. தலைவர் சேனி பாரே, அதாவது அடியேன், பெரும்பாலும் அந்த நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அசைந்தால் விழுந்துவிடுவார்.

இந்த முறை வந்தது குளிர்ப்பெட்டி வைத்த லாரி. நெதர்லாந்தில் ஏதோ சீஸ் கம்பெனிக்கு ஓடியது. பக்கவாட்டில் கொழுத்த பசுவின் படம், அதன் மேல் இங்கே யாருக்கும் வாசிக்க வராத டச்சு எழுத்து. அந்த எழுத்தை அழிக்கவே கூடாது. அழித்தால் வண்டி நம் ஊர்க் குண்டுகுழியில் ஏற்கெனவே அடிபட்டது என்று அர்த்தம். எங்கள் பாதிரியாரே ஜெர்மன் மதுபானக் கம்பெனி வேனில்தான் பூசைக்கு வருகிறார். எழுத்து பளபளவென்று இருக்கிறது.

லோமேயிலிருந்து என் வண்டிகளை ஓட்டிவருகிறவன் ரஸ்மனே. ஒவ்வொரு வண்டியையும் ஒரே ஒரு தடவை ஓட்டுவான். இங்கே வந்து சாவியைக் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறித் திரும்பிப் போவான். பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி மாதிரி, எத்தனையோ பிள்ளைகளை வெளியே எடுத்தான், தனக்கென்று ஒன்றுகூட இல்லை. ஐம்பதைத் தாண்டிவிட்டான். பஸ்ஸில் உட்கார்ந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது.

இந்த லாரியை வாங்க வருகிறவர் மதாம் ஹுன்பே. உறைந்த மீன் வியாபாரி. பெனின் நாட்டிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. வண்டியோடு நிரந்தரமாக ஒரு ஓட்டுநரும் வேண்டும் என்றிருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லு சேனி. இது ஒண்ணையாவது நான் வச்சிக்கிறேன்" என்றான் ரஸ்மனே. கேலியில்லாமல் அவன் பேசி நான் கேட்டது அன்றுதான்.

மதாம் வந்தார். டயரைத் தட்டினார், குளிர்ப்பெட்டிக்குள் தலையை நீட்டினார், பசுவைப் பார்த்துத் திருப்தியானார். பிறகு ரஸ்மனேயைக் காட்டி, "இவர் எப்படி?" என்று கேட்டார்.

இங்கேதான் என் வாய் என்னை விற்றது.

நான் சாமோ. ரஸ்மனே மோஸி. எங்கள் இரண்டு இனத்துக்கும் முன்னோர் காலத்திலிருந்து ஒரு கேலி முறை உண்டு. சாமோவும் மோஸியும் எதிர்ப்பட்டால் வைதுகொள்ள வேண்டும். நீதிமன்றமானாலும் சரி, கல்யாணமானாலும் சரி. அவன் என் அடிமை என்று நான் சொல்வேன், நான் அவன் அடிமை, நாய்த்தலை தின்னி என்று அவன் சொல்வான். யாரும் கோபப்படக் கூடாது, நல்ல வார்த்தை சொல்லிவிடவும் கூடாது. தும்மல் மாதிரி, யோசித்து வருவதில்லை.

"இவனா? மோஸிப்பய மதாம். ஸ்டியரிங்கைக் குடுத்தா அதையும் வித்துத் தின்னுடுவான்."

"நாய்த்தலை தின்னி பேசுறதப் பாரு!" ரஸ்மனே பூரித்துப்போனான். "வித்த காச என் அடிமைகிட்டதானே குடுத்து வப்பேன்!"

மெக்கானிக்குகள் சிரித்தார்கள். மதாம் சிரிக்கவில்லை.

"முன்னாடியே சொன்னதுக்கு நன்றி" என்றார். "எங்க ஊர்லருந்தே ஆள் வரவழைச்சிக்கிறேன்." அப்போதே கைபேசியை எடுத்தார்.

ரஸ்மனே இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். முறைப்படி அவன் வருத்தப்படக் கூடாதே. சிரித்த முகத்தோடு வண்டியில் ஏறி, இருக்கைக்குப் பின்னாலிருந்து தன் பையை எடுத்தான்.

நான் மதாமிடம் ஓடினேன். "மதாம், மதாம், அது விளையாட்டு. எங்க ரெண்டு சாதிக்கும் அப்படி ஒரு முறை."

"வியாபாரத்துல விளையாடுவீங்களா? அப்ப கியர்பாக்ஸ் புதுசு மாதிரின்னு சொன்னீங்களே, அதுவும் விளையாட்டா?"

நான் அவசரமாகப் பசுவின் மேலிருந்த தூசியைத் துடைத்தேன்.

"விளையாட்டில்லாம இப்ப சொல்லுங்க. ஆள் எப்படி?"

வேப்பமரத்தடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"அவன்... நல்லவன்" என்றேன்.

யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள்.

"டீசல்ல கை வைக்க மாட்டான். வழியில எவன் வண்டி நின்னாலும் இறங்கிப் பாப்பான். அலேஜோ மலை இறக்கத்துல பிரேக் போயிடுச்சு மதாம். கீழ சந்தைக்கூட்டம். குதிச்சுத் தப்பிக்காம, பாறையில உரசி உரசியே வண்டிய நிறுத்தினான். கதவு பிஞ்சு போச்சு. நெத்தியில ரத்தத்தோட அந்தக் கதவைத் தூக்கிட்டு வந்து, என்கிட்ட மன்னிப்புக் கேட்டான். இவனை மாதிரி ஒருத்தன்..."

"யாரு செத்தது?" என்றார் தேநீர் போடுகிற கிழவர்.

"யாரும் சாகல. பாரேக்கு மலேரியா. கண்ணப் பாரு, செவந்திருக்கு" என்றான் மெக்கானிக் முமுனி.

ரஸ்மனே பையைக் கீழே போட்டான். மெதுவாக என்னிடம் வந்தான். முகம் கறுத்திருந்தது.

"சேனி, நான் உனக்கு என்ன துரோகம் பண்ணேன்?"

"இல்லடா..."

"எங்கப்பா செத்தன்னிக்கு நீ என்ன பண்ண? குழிக்குள்ள இறங்கிப் படுத்துக்கிட்டு, வாடகை குடுத்தாத்தான் எந்திரிப்பேன்னு சொன்ன. அழுதுட்டிருந்த எங்கம்மா சிரிச்சுட்டாங்க. அன்னிக்குக்கூட நீ ஒரு நல்ல வார்த்தை சொல்லலையே. இன்னிக்கு இத்தனை பேர் முன்னாடி என்னை இப்படி..." தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மதாம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டார்.

"நல்லவன்னு சொன்னதுக்கு ஒரு ஆம்பள அழுது இப்பத்தான் பாக்குறேன். சாவிய அவர்கிட்டயே குடுங்க." என் பக்கம் திரும்பினார். "கியர்பாக்ஸ் எப்படி?"

ஒரு தடவை உண்மை பேசிய வாய்க்கு வெட்கம் விட்டுப்போகிறது. "ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும்" என்றேன்.

"சரிபண்ற செலவு உங்களுது."

"அந்தக் கியர் என் பேச்சக் கேக்கும் மதாம். லோமே போயி மீன் ஏத்திட்டு வந்து பாத்துக்கலாம்" என்றான் ரஸ்மனே. மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் பக்கம் திரும்பினான். "புகழ்ந்ததுக்கு அபராதம். ஒரு கூடை கோலாக்கொட்டை. வெள்ளைக் கொட்டையா பாத்து வாங்கு."

ஒத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அபராதமும் மன்னிப்பும் மென்று தின்கிற அந்தக் கொட்டையில்தான். வண்டியும் போச்சு, லாபத்தில் ஒரு கியரும் போச்சு, கூடவே என் ஓட்டுநரும் போனான். அடுத்த லாரியை லோமேயிலிருந்து யார் கொண்டுவருவது என்பது அப்போதுதான் இந்த மகா வியாபாரிக்கு உறைத்தது.

ரஸ்மனே பையைப் பழையபடி இருக்கைக்குப் பின்னால் செருகினான். ஏறி உட்கார்ந்தான். ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை.

"என்னடா?"

"திட்டு. புகழ்ந்த நாக்கோட என்னை அனுப்பாத. வழியில ஏதாவது ஆயிடும்."

நானும் தேடினேன். வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்த வசவு ஒன்றுகூட வரவில்லை. முமுனி தலையில் அடித்துக்கொண்டான். மதாம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் அவரே இடுப்பில் கை வைத்துக் கத்தினார்:

"ஏய் கழுதை! அங்க மீன் காத்துக்கிட்டிருக்கு, வண்டிய எடு!"

மரத்தடியே கைதட்டியது. ரஸ்மனே மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மிகுந்த மரியாதையோடு சொன்னான்:

"மன்னிக்கணும் மதாம். உங்களுக்கு அந்த உரிமை இல்ல. நீங்க சாமோ இல்ல."

மதாம் திரும்பினார். என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "நீங்களே சொல்லுங்க ஐயா."

"ஏய் கழுதை" என்றேன். "அங்க மீன் காத்துக்கிட்டிருக்கு. வண்டிய எடு."

எடுத்தான்.