அலமாரிக்குள் சுத்தமான காற்று

மார்ச் 12, செவ்வாய்.

நேற்று ஒரு சிறு தவறு செய்தேன். நான்கு மணிக்குப் பார்த்து எழுத வேண்டிய கசிவு அளவை மூன்றரைக்கே எழுதிவிட்டு, மாலை நேரப் பாதுகாப்பு வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். எழுதியது பூஜ்யம். நான்கு மணிக்கும் பூஜ்யமாகத்தான் இருந்திருக்கும். அது எனக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்பதுதான் இன்று காலையிலிருந்து உறுத்தல்.

எங்கள் கிடங்கில் டேங்கர் லாரிகளுக்குப் பெட்ரோல் ஏற்றுகிறோம். பெட்ரோல் உள்ளே போகப்போக, லாரிக்குள் இருக்கும் ஆவி வெளியே வந்தாக வேண்டும். அதை இன்னொரு குழாய் பிடித்து, மறுபடி பெட்ரோலாக்கும் இயந்திரத்துக்கு அனுப்புகிறது. வழியில் கசிந்தால் காட்டிக்கொடுக்க ஒரு கருவி உண்டு. வெயிலில் கெட்டுவிடும் என்று மானேஜர் அதைத் தன் ஏசி அறையில், கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். நான் மணிக்கொருமுறை போய், கண்ணாடி வழியாகப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறேன். இன்றோடு தொண்ணூற்றெட்டு நாள். எல்லாம் பூஜ்யம். நூறானால் தலைமை அலுவலகம் கேடயம் தரும். ஆட்கள் எனக்கு ‘முட்டை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு கிடக்கும் என்று போன வாரம் வகுப்பில் எழுதி அடிக்கோடும் போட்டேன். மறுநாளும் அலமாரியைத்தான் பார்த்தேன்.

இன்று பதினொரு மணிக்கு, லாரிக்கு ஏற்றும் இரண்டாம் மேடையில் ஆவிக் குழாயை மாட்டக் குனிந்த அத்தான், லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்காவின் கணவர்.

“என்னாச்சு அத்தான்?”

“தலை சுத்துது. தினமும் சுத்துறதுதான். இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்துருச்சு.”

“குழாய் மூட்டுல வாஷர் தேஞ்சிருக்கா?”

“அது தேஞ்சு மூணு மாசமாச்சு. ரெண்டு தடவை புதுசு கேட்டாச்சு. அளவெல்லாம் பூஜ்யமா இருக்கே, உங்களுக்கு எதுக்கு வாஷர்னு ஹெட் ஆபீஸ் கேக்குது. உன் பக்கத்தைத்தான் நகலெடுத்து அனுப்பியிருக்காங்க. எழுத்து முத்து முத்தா இருக்கு மாப்ளே.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மணிக்கு அலமாரியைத் திறந்து, கருவியை இரண்டாம் மேடைக்குக் கொண்டுபோனேன். குழாய் மூட்டருகே பிடித்ததுமே அலறியது. தீப்பிடிக்கத் தேவையான அளவில் நூற்றுக்கு இருபத்துமூன்று. மானேஜர் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார்.

“யாருப்பா அதைக் கத்த விட்டது?”

“கசியுது சார். இருபத்துமூணு.”

“வெயில்ல கொண்டுவந்தா அப்படித்தான் காட்டும். ரூமுக்கு எடுத்துட்டு வா.”

அறையில் பூஜ்யம்.

“பாத்தியா? சரியாயிடுச்சு. எழுது.”

“அத்தான் மயங்கி உக்காந்துட்டாரு சார்.”

“அவரை ரெண்டு நாள் மூணாம் மேடைக்கு மாத்துறேன். கேடயம் வரட்டும், அப்புறம் கசியட்டும்.”

மூன்றாம் மேடையின் வாஷரையும் நான் பார்த்ததில்லை.

ஒரு மணிக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் கை கழுவப் போய்விட்டார், அவ்வளவுதான். கருவியைச் சரியாகப் பிடித்தேனா என்ற சந்தேகமும் இருந்தது. வகுப்பு முடிந்து வந்து கருவியின் கையேட்டை இரண்டு முறை படித்தேன். சரியாகத்தான் பிடித்திருக்கிறேன். இருபதைத் தாண்டினால் ஏற்றுவதை நிறுத்த வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அக்கா போனில் கேட்டாள்: “அவருக்கு ஏன்டா சாப்பாடே இறங்க மாட்டேங்குது?” நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

நாளைய வேலை: ஒரு மணிக் கட்டத்தில் இருபத்துமூன்று என்று எழுத வேண்டும். காலை ஆறு மணிக்கு, முதல் லாரிக்கு ஏற்றத் தொடங்கியதும், கருவியை இரண்டாம் மேடையில் பிடிக்க வேண்டும். பிறகு மூன்றாம் மேடையில். இருபதைத் தாண்டினால் நிறுத்தும் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தப் பக்கத்தை நகலெடுத்து, வாஷர் கேட்கும் கடிதத்தோடு தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.