சிவப்பு நூலில் போட்ட முடிச்சு

துறைமுக ஆபீசில் பியூனாக இருந்து நான் செய்த ஒரே உபகாரம், என் தங்கை புருஷன் கயித்தானுக்குத் தண்டல் லைசென்சு வாங்கிக் கொடுத்தது. அந்தக் கையை வெட்டிப் போட்டிருக்கலாம்.

ஆட்களைக் கப்பலுக்கு ஏற்றிப் போகும் கூலிப் படகை நடத்துகிறவன்தான் தண்டல். அவனுக்கு நீச்சல் தெரியவேண்டும், கடலின் ஆழம் தெரியவேண்டும். கடைசியாக ஒரு தட்டில் கம்பளி நூல்கண்டுகளைப் பரப்பி, சிவப்பை எடு, பச்சையை எடு என்பார் எங்கள் ஆபீசு வெள்ளைக்காரத் துரை. கொடிமரத்தில் சிவப்புக் கொடி ஏறினால் படகு கிளம்பக் கூடாது, பச்சை ஏறினால் போகலாம். அதற்குத்தான் இந்தச் சோதனை.

கயித்தானுக்குக் கடல் தண்ணீர் பட்ட பாடு. நிறம் மட்டும் தெரியாது. கல்யாணத்துக்குச் சிவப்புச் சேலை எடுக்கப் போய்ப் பச்சையைத் தூக்கி வந்த மனுஷன். வீடே விழுந்து விழுந்து சிரித்தோம்.

"மத்த படகு போறதப் பாத்து நானும் போயிருவேன் மச்சான். இதுக்கு ஒரு பரீட்சையாக்கும்?" என்றான்.

தங்கை விக்டோரியா அப்போது மாசமாக இருந்தாள். லைசென்சு இல்லையென்றால் அவன் காலம் முழுக்க இன்னொருத்தன் படகில் துடுப்புப் போடவேண்டியதுதான். பரீட்சைக்கு முந்தின நாள் அலமாரியைத் துடைக்கிற சாக்கில் சிவப்புக் கண்டில் ஒரு முடிச்சும் பச்சையில் இரண்டும் போட்டேன். கயித்தான் தடவிப் பார்த்தே எடுத்தான். துரை "சபாஷ்" என்றார்.

மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை. நாற்பத்தாறு கார்த்திகையில் ஒரு ஞாயிறு, மற்றத் தண்டல்களெல்லாம் பூசைக்குப் போயிருந்த நேரம், விளாத்திகுளத்துக் குடும்பமொன்று கொழும்புக் கப்பலில் வந்தவரை அழைத்துவர இவன் படகைப் பிடித்தது. கொடி ஏறித்தான் இருந்தது. பார்த்து நடக்க வேறு படகு இல்லை. பச்சை என்று நினைத்துப் பாயை விரித்துவிட்டான் பாவி. வாடைக் காற்றில் படகு கவிழ்ந்து ஒரு தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

விசாரணையில் துரை கேட்டார். "சிவப்புக் கொடியைப் பார்த்தாயா, இல்லையா?"

நான் கதவோரம் காகிதக் கட்டோடு நின்றேன். நிறம் தெரியாது என்று அவன் சொன்னால், பிறகு எப்படிப் பாஸானாய் என்பதுதான் அடுத்த கேள்வி. கயித்தான் என்னை ஒரு தடவை பார்த்தான்.

"பாத்தேன் தொர. பாத்துட்டுத்தான் போனேன்."

வாயைத் திறந்து தொலையேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் திறக்கவில்லை. பத்தொன்பது வருஷ வேலை, நாலு பிள்ளைகள். கோர்ட்டிலும் அவன் அதையே சொன்னான். தெரிந்தே போனவன் என்று எழுதிப் பாளையங்கோட்டை ஜெயிலில் இரண்டு வருஷம் போட்டார்கள்.

விக்டோரியா ஒரு நாள்கூட அவனைப் போய்ப் பார்க்கவில்லை. நேற்று எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அழுதாள்.

"சேலையில தடுமாறுனவரு பரீட்சையில சரியாத்தான எடுத்தாரு! செவப்புன்னு தெரிஞ்சே போயிருக்காரே அண்ணே! கூலிக்கு ஆசப்பட்டு ரெண்டு உசுர... மாதா பொறுப்பாளா? வெளிய வந்தாலும் அந்த மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். நீ பாடுபட்டு வாங்கிக் குடுத்த லைசென்சு. ஒன் பேரையும்லா கெடுத்துட்டாரு. நீ அவர மன்னிச்சிரு அண்ணே."

"ஏளா, அழாத" என்று சொல்லிவிட்டு, அவள் ஊற்றிய மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன்.