பஞ்சாபகேசனின் பத்தியம்

டாக்டர் ஹபீப் முகம்மது சொன்னதை அகிலாண்டம் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"கவனமா இருந்தா எத்தனை நாள் இருப்பார், டாக்டர்?"

"நாளா? என்னங்கம்மா இப்படிக் கேக்கறீங்க. சர்க்கரை வியாதி வந்தவங்க எல்லாம் உடனே போயிடறதில்லை. சொன்னபடி நடந்தார்னா எண்பது வயசு வரைக்கும் தெம்பா இருப்பார்."

"நடக்கலேன்னா?"

பக்கத்து அறையில் பெஞ்சில் படுத்திருந்த பஞ்சாபகேசனை டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மூணு வருஷம். கால்ல ஒரு புண்ணு வந்தாலே போதும். இனிமே அவர் உயிர் என் கையில இல்லைங்கம்மா. உங்க சமையலறையில இருக்கு."

அன்று காலையில்தான் பஞ்சாபகேசன் களத்துமேட்டில் மயங்கி விழுந்தார். நில உச்சவரம்பைக் குறைத்துச் சட்டம் வந்த வருஷம் அது. ஆலங்கரையில் பாதி நிலம் அவருடையது. களத்தில் கூலியாட்கள் சங்கத்து ஆட்கள் கொடியோடு நிற்க, "என் நெல்லை நான் சொல்ற கூலிக்குத்தான் அறுக்கணும்" என்று கத்திக்கொண்டிருந்தவர், அப்படியே சரிந்தார். திருத்துறைப்பூண்டிக்குக் காரில் கொண்டுவந்த பிறகுதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடப்பது தெரிந்தது.

திரும்பி வரும்போது காரில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அகிலாண்டம் நிதானமாக யோசித்தாள். ரொம்பச் சுலபம். தினம் ஒரு பாயசம், அதிரசம், நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கல். மனுஷர் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவார். பார்த்துப் பார்த்துச் செய்துபோட்டாள் என்றுதான் ஊரும் சொல்லும். ரெண்டு வருஷத்தில் முடிந்துவிடும்.

ஆனால் அப்படிப் போனால் இவர் மிராசுதாராகவே போவார். நிலம் கைவிட்டுப் போவதைப் பார்க்காமலே கண்ணை மூடுவார். கார் வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கும்போது அவள் தீர்மானித்துவிட்டாள். இவர் இருக்க வேண்டும். கண் தெளிவாக, கால் திடமாக, எல்லாவற்றையும் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

பம்பாயில் வேலையிலிருந்த பிள்ளையைத் தவிர அவர்களுக்கு ஒரு பெண்ணும் இருந்தாள். ஆனந்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஐப்பசி மாசம், அடைமழை. சுற்றுவட்டாரத்தில் காலரா என்று பேச்சு வந்தது. சுகாதார நர்ஸ் ஒருத்தி குடையோடு வாசலில் வந்து நின்று, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். பஞ்சாபகேசன் சிரித்தார். "காவேரித் தண்ணியைக் காய்ச்சணுமா? எங்க தாத்தா இதையே குடிச்சுட்டுத்தான் தொண்ணூறு வயசு இருந்தார். நீ போம்மா." நர்ஸ் போய்விட்டாள்.

ஆனந்தத்துக்கு விடியற்காலையில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. பொழுது விடிந்தபோதே அவளால் நிற்க முடியவில்லை. பஞ்சாபகேசன் தஞ்சாவூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மிராசுதார்கள் கூட்டம், கூலி விஷயம் முடிவாக வேண்டும்.

"ஏன்னா, காரை விட்டுட்டுப் போங்கோ. நாகப்பட்டணம் ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போயிடறேன்."

"நாலு தடவை வயித்தால போனா ஆஸ்பத்திரியா? சுக்குக் கஷாயம் போட்டுக் குடு. தண்ணி மட்டும் குடுத்துடாதே, இன்னும் ஜாஸ்தியாப் போகும்."

கார் போயிற்று. ஆனந்தம் தண்ணீர் கேட்டாள். அகிலாண்டம் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம், அதை மீறி அவள் எதையும் செய்தது கிடையாது. மத்தியானத்துக்குள் பெண்ணின் கண் உள்ளே போயிற்று, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிற்று. அப்போதும் உதட்டை மட்டும் அசைத்து, "தண்ணி, அம்மா" என்றாள். ஆட்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் வண்டி பூட்ட ஆளில்லை. செய்தி கேட்டுக் கோவிந்தராசு மட்டும் சேரியிலிருந்து ஓடிவந்தான். சங்கத்தில் முன்னால் நிற்கிறவன் அவன்தான். மாட்டை அவிழ்த்து வண்டியைப் பூட்டினான். வண்டி தார் ரோட்டைத் தொடுவதற்குள் ஆனந்தம் போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையோடு.

இருட்டின பிறகு பஞ்சாபகேசன் வந்தார். உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாமல், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கூலி விஷயத்துல நம்ம பக்கம்தான் ஜெயிச்சுது" என்றார்.

அழுதார்தான். பிறகு, "அவ ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அறுவடையைக் கவனிக்கப் போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்தபின் ஹபீப் முகம்மது ஒருநாள் அகிலாண்டத்திடம் பேச்சுவாக்கில் சொன்னார்: "அன்னிக்குக் காய்ச்சின தண்ணியும் உப்புப் போட்ட கஞ்சியும் வாய்க்கு வாய் ஊத்திக்கிட்டே வந்திருந்தா ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கியிருக்கும் அந்தப் பொண்ணு." உப்பும் கஞ்சியும். பத்தாயம் நிறைய நெல் இருந்த வீடு அது. அன்றிலிருந்து அந்த வீட்டில் காய்ச்சாத தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. அன்றிலிருந்துதான் அகிலாண்டம் தன் புருஷனோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டாள்.

இப்போது நிறையப் பேச வேண்டியிருந்தது.

"காப்பிக்குச் சர்க்கரை கிடையாது. டாக்டர் சொல்லியிருக்கார்."

"என்னடி இது, சாதத்தைக் காணோம்?"

"கேழ்வரகுக் களி. கீரையும் மோரும் இருக்கு. சாதம் மத்தியானம் ஒரு கரண்டி."

"கூலிக்காரா சாப்பிடறதை எனக்குப் போடறியா?"

"அவா யாருக்கும் சர்க்கரை வியாதி இல்லையே" என்றாள் அவள்.

பத்தாயத்தில் சீரகச் சம்பா இருந்தது. அடுத்த வீட்டு அடுப்பில் அதே அரிசி கொதிக்கும்போது வாசனை இந்த வீட்டுக்கு வரும். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு களியை உருட்டுவார். அகிலாண்டம் எதிரில் உட்கார்ந்து கடைசி உருண்டை உள்ளே போகும் வரை பார்ப்பாள். தான் மட்டும் தனியாகச் சாப்பிடவும் இல்லை. அவருக்கு என்னவோ அதுவே அவளுக்கும். அதனால் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை.

காலையில் எழுந்ததும் அவர் ஒரு டம்ளரில் சிறுநீர் பிடித்துத் தர வேண்டும். அவள் கொல்லையில் உட்கார்ந்து, கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை விட்டு, அதில் சில சொட்டு கலந்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள். நீலமாகவே நின்றால் சரி. செங்கல் நிறமானால் என்னவோ திருடித் தின்றிருக்கிறார். மாட்டுக்கொட்டகைப் பரணில் ஒருநாள் வெல்லம் அகப்பட்டது. அவர் கண்ணெதிரிலேயே அதைக் கரைத்து மாட்டுக்கு ஊற்றினாள். ஒரு காலத்தில் ஊரையே அதட்டிய மனுஷர், தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். வாரம் ஒருநாள் அவர் பாதத்தை மடியில் வைத்து, விரலிடுக்கெல்லாம் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, எண்ணெய் தடவுவாள். செருப்பில்லாமல் கொல்லைக்குக்கூடப் போக விடமாட்டாள்.

ஊர்ப் பெண்கள் குளத்தங்கரையில் பேசிக்கொண்டார்கள். புருஷனை யமன் கையிலிருந்து பிடுங்கிவைத்திருக்கிறாள் என்றார்கள். அகிலாண்டத்தின் காதில் அது விழுந்தது. மறுத்துச் சொல்லத் தோன்றவில்லை.

தினம் நடக்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். கோயில் பக்கம் போனால் நிழல், பேச்சுத்துணைக்கு ஆட்கள். அவர் அங்கேதான் போகப் பார்த்தார். "அங்கே உட்கார்ந்து பேசிண்டிருப்பேள். வாய்க்கால் கரையில நடந்தாத்தான் நடை" என்று அவள் அந்தப் பக்கம் திருப்பினாள். கரை நெடுக அவர் நிலம். உச்சவரம்புக்கு மேலிருந்ததை எடுத்துக்கொள்ளச் சர்க்காரிலிருந்து ஆட்கள் வந்து சங்கிலி பிடித்து அளந்ததை அவர் அங்கே நின்றுதான் பார்த்தார். சட்டத்திலிருந்து காப்பாற்றிக்கொள்ளலாம் என்று அக்கா புருஷர் மன்னார்குடி அத்திம்பேர் பேருக்கு எழுதிவைத்திருந்த நஞ்சையை, அத்திம்பேர் தன்னுடையதுதான் என்று சாதித்துவிட்டு, ஆள் வைத்து உழுததையும் அங்கேதான் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு மூச்சு வாங்கிற்று. அகிலாண்டம் அவரை மரத்தடியில் உட்காரவைத்து, காய்ச்சி ஆறின தண்ணீரைக் கொடுத்து, படபடப்பு அடங்கினதும், "இன்னும் மதகு வரைக்கும் போகணும்" என்றாள்.

உச்சவரம்புக்கு மிஞ்சின நிலத்தைச் சர்க்கார் நிலமில்லாதவர்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தபோது, வாய்க்காலை ஒட்டிய ஒரு துண்டு கோவிந்தராசுக்கு வந்தது. மறுநாள் பஞ்சாபகேசன் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. களி வேண்டாம், மாத்திரை வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னைச் சாக விடேண்டி."

அகிலாண்டம் தட்டைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயரவில்லை.

"ஆனந்தம் தண்ணி கேட்டா. நீங்க குடுக்காதேன்னேள், நான் குடுக்கலை. நீங்க இப்போ சாவு கேக்கறேள். அதையும் குடுக்க மாட்டேன்."

அவர் மெல்லத் திரும்பினார். இத்தனை நாள் களியும் கீரையும் நடையும் எதற்காக என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இத்தனை வருஷமா இதை மனசுல வச்சிண்டா எனக்குச் சமைச்சே?"

"ஆமாம். எழுந்துண்டு சாப்பிடுங்கோ. கோவிந்தராசு இன்னிக்கு நாத்து விடறான். பார்க்க வேண்டாமா?"

அவர் எழுந்து சாப்பிட்டார். பயந்து சாப்பிட்டாரா, தண்டனையை ஏற்றுக்கொண்டு சாப்பிட்டாரா என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் விரும்பவும் இல்லை. அன்றைக்கும் வாய்க்கால் கரையில் நடந்தார்கள். சேற்றில் நின்ற கோவிந்தராசு தலைத்துண்டை அவிழ்க்கப் போனவன், பாதியில் நிறுத்தி மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டான். "வாங்க அம்மா" என்று அவளை மட்டும் பார்த்துச் சொன்னான். பஞ்சாபகேசன் தலையைக் குனிந்துகொண்டு கடந்தார்.

அப்புறம் அவர் எதையும் திருடித் தின்னவில்லை. வருஷங்கள் போயின. தொப்பை வற்றி, கன்னத்துச் சதை இறங்கி, அறுபது தாண்டின மனுஷர் முன்னைவிடத் திடமாக நடந்தார். ஹபீப் முகம்மது மற்ற நோயாளிகளிடம் அவரை உதாரணம் காட்டினார்.

பம்பாயில் வேலையிலிருந்த பிள்ளை, கல்யாணம் என்று பேர், ஒரு பொங்கலுக்கு வந்தான். அப்பாவைப் பார்த்து அசந்துபோனான். "ரெண்டு பேரும் என்னோட வந்துடுங்கோ. இங்கே என்ன இருக்கு இனிமே? இருக்கற கொஞ்ச நிலத்தையும் குத்தகைக்கு விட்டுடலாம்" என்றான்.

பஞ்சாபகேசனின் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அகிலாண்டம் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. "போலாமே" என்றார் சட்டென்று. "நல்ல ஊர். கடல் காத்து."

"அந்த ஊர்த் தண்ணி உங்களுக்கு ஒத்துக்காது" என்றாள் அகிலாண்டம். "நாலாவது மாடியில உட்கார்ந்துண்டு எங்கே நடப்பேள்? இங்கேன்னா கரை இருக்கு, கீரை இருக்கு, டாக்டர் கிட்டத்துல இருக்கார்."

"அப்பா, நீங்க சொல்லுங்கோ."

அவர் மனைவியைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. அவள் முறத்தில் கிடந்த கேழ்வரகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அம்மா சொல்றதுதான் சரி" என்றார் பஞ்சாபகேசன்.

ஊருக்குக் கிளம்பும் அன்று கல்யாணம் கொல்லைப்பக்கம் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ இல்லேன்னா அப்பா என்னிக்கோ போயிருப்பார்மா. ஆனந்தம் இருந்து பார்த்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா."

ஆனந்தம் அப்பா செல்லம். அப்பா தட்டில் கொஞ்சம் குறைந்தால்கூட, அம்மாவுக்குத் தெரியாமல் நெய்யை எடுத்து ஊற்றுகிற பெண். இந்தக் களியையும் இந்த நடையையும் பார்த்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அகிலாண்டம் அதுவரை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. பஸ் போன பிறகும் வேலியோரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் கிளம்பினார்கள். தெருக்கோடியில் பஞ்சாபகேசன் தயங்கி, கோயில் பக்கம் ஓரடி எடுத்துவைத்தார். எதுவும் கேட்கவில்லை. பிள்ளை ஊருக்குப் போன துக்கத்தில் கால் தானாகத் திரும்பியிருக்கலாம். அகிலாண்டமும் நின்றாள். ஒரு நாள், இன்று ஒரு நாள் மட்டும், நிழலில் போய்விட்டு வரட்டுமே என்று ஒரு எண்ணம் நெஞ்சு வரைக்கும் வந்தது. கூடவே, தண்ணீர் கேட்டு உதட்டை மட்டும் அசைத்த அந்த முகமும் வந்தது.

"அந்தப் பக்கம் இல்லை" என்றாள்.

அவர் திரும்பி வாய்க்கால் கரையில் ஏறினார். சேறு வழுக்கப்போகிறதே என்று அவள் அவர் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கூட நடந்தாள். இரண்டு பக்கமும் பயிர் கதிர் வாங்கிப் பால் பிடித்திருந்தது.