இஸ்திரிப் பெட்டியில் காய்ந்த பறை

அன்று அசோகன் எல்லாவற்றையும் நேரம் பார்த்துத்தான் செய்தான். மூன்று மணிக்கு ஆஸ்டின் டவுன் வீட்டு வாசலில் வைக்கோலைக் கொளுத்திப் பத்து நிமிடம் பறையைக் காய்ச்சினான். சைக்கிளில் பிரேசர் டவுன் ஹாலுக்கு இருபது நிமிடம். மூன்றே முக்காலுக்கு மேடை. ஒருமுறை காய்ச்சினால் தோல் ஒரு மணி நேரம் விறைப்பாக நிற்கும் என்று ஆறு முறை சோதித்து, மாலை வகுப்புச் சுருக்கெழுத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்திருந்தான். ஏழாவது முறையும் சோதித்திருக்கலாமோ என்ற சந்தேகம் வழியெல்லாம் கூடவே வந்தது.

1966 ஆகஸ்ட். ஹாலில் ஞாயிற்றுக்கிழமை நடனம். அசோகனின் குழுவில் நான்கு பேர். தியோடர் டிரம்பெட்டில் ஜாஸ் வாசிப்பான். அவன் தங்கை யூனிஸ் அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டை அடிவயிற்றிலிருந்து பாடுவாள். ரங்கா கிதார். தியோடரின் மாமா லண்டனிலிருந்து அனுப்பிய ரெக்கார்டில் ஸ்கா என்றொரு ஜமைக்கா இசை இருந்தது. அதில் கிதாரின் வெட்டு காலடி விழும் இடத்தில் விழாது; இரண்டு காலடிக்கு நடுவில் விழும். முதல் முறை கேட்டபோதே அசோகன் சிரித்துவிட்டான்.

"இதுல இன்னா புதுசு? எல்லம்மன் கரகத்துக்கு எங்க தெருவுல இப்படித்தான் வெட்டுவோம்."

அப்படித்தான் பறை குழுவுக்குள் வந்தது. ஆனால் நிலைக்குமா என்பது இன்றைக்குத்தான் தெரியும். தியோடர் முன்பே சொல்லியிருந்தான்: "இன்னிக்கு ஜனங்க ஆடினா எல்லா ஞாயித்துக்கெழமையும் நமக்குத்தான்னு ஹால் செக்ரட்டரி சொல்லிட்டார். பறை எடுபட்டா நீதான் டிரம்மர். இல்லேன்னா சேஷகிரியக் கேக்கணும். தப்பா நெனைக்காத மேன்."

சேஷகிரி, அன்று இவர்களுக்கு முன்னால் மேடையேறிய குழுவின் டிரம்மர். அவனுடைய பளபளக்கும் டிரம் செட் மேடையிலேயே நின்றது. அந்தக் குழுவின் ஒலிபெருக்கி பாதியில் மக்கர் செய்ய, நிகழ்ச்சி ஒரு மணி நேரம் பின்தங்கியது. வெளியே தூறல். நாலே முக்காலுக்கு அசோகன் பறையை விரலால் தட்டினான். தொப்பென்றது.

"என்னடா, ஊறின அப்பளத்தத் தட்டுற மாதிரி இருக்கு?" என்றான் ரங்கா.

அசோகன் சமையலறைக்கு ஓடினான். சமையல்காரர் கிருஷ்ணப்பா கரண்டியை நீட்டி மறித்தார். "என் அடுப்பு மேல தோலா? ஆகல்லப்பா, ஆகல்ல! நடக்காது!"

திரும்பி வந்தபோது சேஷகிரி தியோடரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். "நான் வேணா உக்காரட்டுமா?" நல்ல மனதோடுதான் கேட்டான். அதுதான் அசோகனுக்குச் சுருக்கென்றது.

தியோடர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அசோகனிடம் திரும்பினான். "அஞ்சு நிமிஷம், மேன்."

பின்வாசல் கொட்டகையில் சந்திரம்மா பரிமாறுபவர்களின் வெள்ளைக் கோட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியின் ஓட்டைகளில் கரி சிவப்பாகக் கனன்றது.

"அக்கா, அந்தப் பொட்டியத் தொறங்களேன்!"

அவள் பறையைப் பார்த்தாள். "ஏன், இதுக்கும் மடிப்பு எடுக்கணுமா?"

"காய்ச்சணும்க்கா. அஞ்சு நிமிஷத்துல மேடை."

"அத மொதல்ல சொல்லக் கூடாதா?" மூடியைத் திறந்து அட்டையால் விசிறினாள். அசோகன் பறையைக் கனல்மேல் சுழற்றியபடி கடிகாரத்தைப் பார்த்தான்.

"கடியாரம் பாத்தா தோல் காயுமா? தட்டிப் பாருய்யா!"

தட்டினான். டங் என்றது. இன்னும் கொஞ்சம். ணங்! வீட்டில் ஒரு நாளும் இவ்வளவு ஏற்றியதில்லை. கிழிந்துவிடுமோ? யோசிக்க நேரமில்லை. ஓடினான்.

தியோடரின் டிரம்பெட் எழுந்தது. பதினாறு எண்ணி நுழைய வேண்டும். பதினொன்றில் எண்ணிக்கை தப்பியது. அதற்குள் ரங்காவின் கிதார் இடைவெளிகளில் வெட்டத் தொடங்க, அசோகனின் கைகள் அவனைக் கேட்காமலேயே கரகத்தின் முன் நடப்பதுபோல் உள்ளே பாய்ந்துவிட்டன.

ணங்! கடைசி மேசையில் கட்லெட் தின்றுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். யூனிஸ் தலையைத் திருப்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். பாட்டின் அடுத்த வரியை ஒரு பிடி மேலே தூக்கிப் பாடினாள். முதலில் ஒரு ஜோடி எழுந்தது. பிறகு ஒரு மேசையே எழுந்தது. மூன்றாம் பாட்டில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். கிருஷ்ணப்பா கரண்டியோடு வாசலில் நின்று தாளத்துக்குத் தோளைக் குலுக்கினார். சேஷகிரி எழுந்து, தன் செட்டை நகர்த்தி அசோகனுக்கு இடம் விட்டான்.

பாட்டு முடிந்ததும் செக்ரட்டரி வியர்வையைத் துடைத்தபடி மேடைக்கு வந்தார். "அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு போர்டு எழுதணும். டிரம்மர் பேர் என்ன?"

"அசோகன்," என்றான் தியோடர் உடனே. "பறைன்னு பெருசா எழுதுங்க சார்."

அசோகன் நோட்டை எடுத்து, ஒரு மணி நேரம் என்றிருந்ததை அடித்தான். மேலே என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பின்வாசலிலிருந்து சந்திரம்மாவின் குரல் கேட்டது.

"யோவ் பறை! அடுத்த வாரம் கரி கொஞ்சம் கூடப் போட்டு வெக்கட்டுமா?"