ரே டாபின்ஸின் பெண்டாட்டி

துத்தநாகச் சுரங்கங்கள் துப்பிப்போட்ட சல்லி ஜோப்ளின் ஊரைச் சுற்றி மலைமலையாகக் கிடக்கும். வாரம் முழுக்க அதை வாரி ரயில் வண்டியில் கொட்டுவது ஆர்லோ கிட்வெல்லுக்கு வேலை. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் கழுத்துப் பொடியைத் தேய்த்துக் கழுவி, முகம் மழித்துக்கொண்டு, ரயிலடிச் சாப்பாட்டுக் கடைக்குப் போவான். அங்கே பரிமாறுகிறவள் ஓப்பல். அவன் பெண்டாட்டி.

அது கடையில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

"என்ன சார் வேணும்?" என்பாள் சத்தமாக. காபி ஊற்றக் குனியும்போது குரல் இறங்கும். "யோவ், பித்தானை மாத்திப் போட்டிருக்கே. பதினாறு வருஷம் உள்ள என்னதான் கத்துக்கிட்டே?"

"அங்க பாத்துச் சொல்ல ஆளில்லடி."

"முட்டை ரெண்டு, உருளைக்கிழங்கு வறுவல்!" அடுக்களைப் பக்கம் கத்துவாள்.

பக்கத்து முக்காலியில் ஒரு லாரிக்காரன் சிரிப்பான். "பெருசு, அவகிட்ட வாலாட்டாதே. என்னையே ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்கறா."

"எனக்கு அவசரமில்ல தம்பி."

ஓப்பல் முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்குவாள். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

பஞ்ச காலத்தில் ஆர்லோ பாங்குக் கொள்ளைக் கும்பலுக்குக் கார் ஓட்டினான். மற்றவர்கள் துப்பாக்கியோடு உள்ளே போவார்கள். இவன் என்ஜினை அணைக்காமல் வாசலில் காத்திருப்பான். துரத்துகிறவர்களின் டயருக்குக் கூரை ஆணியை வாரி இறைத்துவிட்டு, செம்மண் சாலையில் பறப்பான். அந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் ஆர்கன்சாவுக்குப் போய் ஓப்பலைக் கட்டினான். தேடப்படுகிற ஆள் சொந்தப் பேரையா சொல்லுவான்? பாதிரியாரிடம் ரே டாபின்ஸ் என்று சொல்லிவைத்தான். பெரிய புத்திசாலித்தனம் என்று அன்று ராத்திரி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிடிபட்டதும் அவனுக்கு இருபத்தைந்து வருஷம். அவனை ஒளித்துவைத்துப் பீன்ஸும் சோளரொட்டியும் போட்ட குற்றத்துக்கு அவளுக்கு ஒரு வருஷம். அவனைப் பதினாறு வருஷத்தில் பரோலில் விட்டார்கள். மீதி ஒன்பதை வெளியிலேயே, அதிகாரி பார்வையில் கழிக்க வேண்டும். சிறைக்குப் போய்வந்த யாரோடும் சேரக் கூடாது என்பது விதி. ஓப்பலும் சிறைக்குப் போய்வந்தவள்தானே.

பரோல் அதிகாரி ஃபென்டன் கெட்டவர் இல்லை. "அவ உன் பெண்டாட்டியா இருந்தா மேல எழுதிக் கேக்கலாம்பா. அவ டாபின்ஸுக்குல்ல பெண்டாட்டி? அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்லியே."

"இப்பக் கட்டிக்கறேன் சார்."

"தண்டனை வாங்கினவளக் கட்ட விடமாட்டாங்க. கடையில சாப்பிடு, எந்திரிச்சுப் போ. அதுக்கு மேல போனா மீதி வருஷம் உள்ளதான்."

சாப்பிட்டான், எழுந்து போனான். இரண்டு குளிர்காலம் அப்படியே ஓடிற்று.

ஒரு சனிக்கிழமை வேறொருத்தி காபி ஊற்றினாள். ஓப்பல் கடையிலேயே ரத்தம் கக்கினாளாம். காசநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். ஆர்லோ முட்டையைத் தொடவில்லை. வந்த லாரியில் ஏறினான்.

"சொந்தக்காரங்களத் தவிர யாரையும் விடறதில்ல," என்றாள் நர்ஸ். "டாபின்ஸம்மாவுக்கு நீங்க என்ன வேணும்?"

அந்தப் பேரை அவள் இன்னும் வைத்திருக்கிறாள் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

"புருஷன். ரே டாபின்ஸ்."

கட்டிலில் ஓப்பல் பாதியாய் இளைத்துக் கிடந்தாள். அவனைப் பார்த்ததும், "என்ன சார் வேணும்?" என்றாள்.

"பேசாம கெட."

"போயிடுய்யா. உன்னைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். திங்கட்கிழமை சல்லி அள்ள ஆள் வரவில்லை என்று தெரிந்ததும் ஃபென்டன் தேடிக்கொண்டு வந்துவிட்டார். ஆர்லோ அப்போது அவளுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தான். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, கிண்ணம் காலியாகும்வரை வாசலிலேயே நின்றார்.

"கடையோட நிறுத்திக்கச் சொன்னேனேப்பா."

"சொன்னீங்க சார்."

ஓப்பல் தலையைத் தூக்கினாள். "யாரை சார் கூட்டிட்டுப் போறீங்க?"

"கிட்வெல்லைம்மா."

"அவன் எனக்கு யாரோ. கூட்டிட்டுப் போங்க. என் புருஷன் இங்கயே இருக்கட்டும்."

ஆர்லோ அவள் வாயைத் துடைத்துவிட்டு, துண்டை மடித்துக் கட்டிலில் வைத்தான். கையை நீட்டினான். விலங்கு விழுந்தது.

பனி இறங்கும் முன்னே அவள் போய்விட்டாள். கிட்வெல் என்கிற கைதிக்குப் பெண்டாட்டி கிடையாது. அதனால் சிறைக்கு யாரும் தகவல் அனுப்பவில்லை. உள்ளே அவன் சனிக்கிழமை மத்தியானம் ஆனால் முகம் மழித்துக்கொண்டு, பித்தான் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.