உப்பு போட்ட கற்பூரம்

ஆயுத பூஜையன்று காலை தறிக்கும் ஊடுநூல் ஓட்டும் நாடாவுக்கும் பொட்டு வைத்த கையோடு மாடியேறி, கேமராவையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன். அறிவுகெட்ட வேலை. துடைக்கும்போது லென்ஸ் வளையம் திரும்பிவிட்டது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சாதாரணக் கறுப்பு வெள்ளைக் கண்காணிப்பு கேமராதான். லென்ஸுக்கு முன்னால் கீற்றணி என்று ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கிறேன். வானத்தில் எரிநட்சத்திரம் விழுந்தால் அதன் வெளிச்சத்தை இழை இழையாகப் பிரித்து, பக்கத்தில் கோடுகளாகக் காட்டும். கோடு எவ்வளவு தள்ளி விழுகிறது என்று அளந்தால், எரிந்த கல்லில் என்ன இருந்தது என்று தெரியும். என் மனைவி நீலாம்பாள் இருந்தவரை இது எனக்குப் பொழுதுபோக்கு. இப்போது, விடிந்ததும் எனக்குச் சொல்ல ஏதாவது வைத்திருப்பது வீட்டில் இது ஒன்றுதான்.

போன வருஷம் துக்கம், பண்டிகை கிடையாது. அதற்கு முன்பெல்லாம் பொட்டு வைப்பது அவள் வேலை. கேமராவைத் தொடாமல், அதை மாட்டியிருக்கும் குழாய்க்கு மட்டும் வைப்பாள். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

பூஜை முடிந்து முந்தின ராத்திரிப் பதிவைப் பார்த்தேன். பெரிய எரிநட்சத்திரம் ஒன்று விழுந்திருந்தது. வழக்கமாக நாலைந்து கோடுகள் இருக்கும், இடைவெளியை வைத்தே ஊகித்துவிடலாம். இதில் ஒரே ஒரு கோடு. வேலூரிலிருந்து இந்தப் பதிவுகளைச் சேகரிக்கும் தினகரனுக்குப் போன் செய்தேன். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். நேரில் பார்த்ததில்லை.

"சார், ஒத்தக் கோடா? சோடியமா இருந்தா ரொம்ப அபூர்வம் சார். மெக்னீசியமா இருந்தா சாதாரணம். அளவு எடுத்து அனுப்புங்க."

"லென்ஸ் வளையம் திரும்பிக்கினு போயிடுச்சுப்பா. காலையில பொட்டு வெச்சேன்."

"அப்போ கோடு விழற தூரமே மாறியிருக்கும், ஒத்துப்பாக்க இப்போ புதுசா எடுத்துப் புண்ணியமில்ல. வளையம் திரும்பறதுக்கு முன்னாடி, சோடியம்னு தெரிஞ்ச வெளிச்சத்த எடுத்தது எதனா இருக்குதா சார்?"

"பாக்கறேன்பா" என்று வைத்துவிட்டேன். இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

மூன்று வருஷம் முன்பு, கேமரா மாட்டிய அன்று சாயங்காலம் எடுத்தது. கற்பூரத்தில் உப்பைப் போட்டுக் கொளுத்தினால் சோடியக் கோடு பளிச்சென்று விழும். ஆனால் தட்டை யாராவது தூரத்தில் பிடித்து நிற்கவேண்டும். நீலாம்பாள் எதிர்வீட்டு மாடியில் போய் நின்றாள். கோடு விழுந்ததைப் பார்த்தேன், அளந்து எழுதுவதை அப்புறம் என்று விட்டேன். அவள் போனபிறகு அந்தப் பதிவைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

வேறு வழியில்லை, திறந்தேன். முகத்தைப் பார்க்காமல் வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் சுடரிலிருந்து கோடு வரைக்கும்தான் அளக்கவேண்டும். சுடர் அவள் கையில் இருந்தது.

திரையில் சுடரிலிருந்து கோட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி தூரம். எரிநட்சத்திரத்திலும் நானூற்றுப் பன்னிரண்டு.

"நீலா, சோடியம்டி!" என்று அடுக்களைப் பக்கம் திரும்பிக் கத்திவிட்டேன். அங்கே காலையில் நான் வைத்த சுண்டல் பாத்திரம் அடுப்பிலேயே இருந்தது. அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

பிறகு பதிவை முதலிலிருந்து போட்டேன். இந்தத் தடவை கோட்டைப் பார்க்கவில்லை. தட்டு சூடேற ஏற அவள் கை மாற்றுகிறாள். இடது, வலது, மறுபடி இடது. முந்தானையை மடித்துத் தட்டுக்கு அடியில் கொடுக்கிறாள். ஒருமுறை கேமராவைப் பார்த்து வாயசைக்கிறாள். சத்தம் பதிவாகாத கேமரா. என்றாலும் "போதுமாங்க?" என்பது தெரிகிறது. அன்று நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், இன்னும் கொஞ்சம் என்று கையை மட்டும் காட்டினேன். அவள் இன்னொரு கட்டி கற்பூரம் போட்டாள்.

"போதும்மா. கோடு வந்துடுச்சு. இறங்கி வா" என்றேன்.

பதிவு முடிய இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. அவள் தட்டை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, ஆடாமல் நின்றாள்.